அரை விரல் உள்ளே

அக்கா,

இன்று காலை கடைக்கு ஒரு அம்மா வந்தார்கள். புதுப்பட்டினம் மார்க்கெட் பக்கம் நான் வைத்திருக்கும் இந்த போட்டோ ஸ்டுடியோவை நீ பார்த்ததில்லை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், பின்னால் ஒரு நீலத் திரை, உட்கார இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, அவ்வளவுதான். வந்தவர்கள் ஒரு பாலிதீன் பையிலிருந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட இரண்டு படங்களை எடுத்து மேஜைமேல் வைத்தார்கள். பையைத் திறந்ததும் அந்த நெடி வந்தது. மழையில் ஊறி பீரோவுக்குள்ளேயே காய்ந்துபோன ஆல்பத்தின் நெடி. “பிரிச்சி பழைய மாதிரி பண்ணிக் குடும்மா” என்றார்கள். நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். அதை இன்னும் பிரிக்கவில்லை. மத்தியானம் ஆகிவிட்டது, கடையில் ஆள் இல்லை, உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கடை வாசலில் ‘பழைய படங்கள் புதுப்பித்துத் தரப்படும்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் யாரும் அந்த வார்த்தையைச் சொல்வதில்லை. எல்லோரும் சொல்வது ‘பழைய மாதிரி’. செத்துப்போனவருக்குக் கோட்டு மாட்டச் சொல்கிறவர்களும், மூடிய கண்ணைத் திறந்து வைக்கச் சொல்கிறவர்களும், சுமங்கலியாகப் போனவளுக்குப் பொட்டைப் பெரிசாக்கச் சொல்கிறவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். அந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் மாமல்லபுரத்தில் நீ கேட்டது எனக்கு ஞாபகம் வரும்.

தொண்ணூறுகளின் கடைசி. உனக்குக் கல்யாணமான புதிது. செங்கல்பட்டுக்கு உள்ளே தள்ளியிருக்கிற நம் ஊரிலிருந்து, கடலை ஒட்டிய சதுரங்கப்பட்டினத்துக்கு உன்னைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை கொத்தனார் மேஸ்திரி. அணுபுரத்துக் குவார்ட்டர்ஸ் வீடுகளில் பாதி தன் கையால் எழுந்தது என்று சொல்லிக்கொள்வார். பாதி என்பது கொஞ்சம் அதிகம்தான். புதுப் பெண்டாட்டியோடு ஊர் சுற்றப் போகும்போது மச்சினிச்சியையும் இழுத்துக்கொண்டு போகிற மனிதரை அன்றைக்குத்தான் பார்த்தேன். கடற்கரைக் கோயில் மதில்மேல் நந்திகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒன்றுக்கும் முகம் இல்லை. உப்புக் காற்று தின்றுவிட்டிருந்தது. நம்மிடம் கொடுத்தால் ஒரே வாரத்தில் சிமென்ட்டில் மூஞ்சி வைத்துப் பழைய மாதிரி ஆக்கிவிடலாம் என்றார் மாமா. வெளியே தெருவில் முழு முகம் வைத்த புதுச் சாமிகளை உளியால் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

நீ அவரைப் பார்த்துக் கேட்டாய்: “பழைய மாதிரின்னா எந்த நாளு மாதிரி? ராஜா பாத்துக்கினு இருந்தாரே, அன்னிக்கு மாதிரியா? போன வருசம் மாதிரியா?”

மாமா தேங்காய் மாங்காய் சுண்டல் வாங்கிக் கொடுத்துப் பேச்சை மாற்றினார். நீயும் அதைப் பெரிய கேள்வியாகக் கேட்கவில்லை. சுண்டலில் காரம் இல்லை என்று குறை சொல்லிக்கொண்டே முழுப் பொட்டலத்தையும் நீயே தின்றாய்.

ஆள் இல்லாத நேரத்தில் நான் யோசிப்பதுண்டு அக்கா, உடைந்ததைத் திரும்பப் பழையபடி ஆக்க வேண்டும் என்கிற இந்த எண்ணம் மனிதர்களுக்கு எங்கிருந்து வந்திருக்கும் என்று. நம் ஊர் அம்மன் கோயிலில் கும்பாபிஷேகத்துக்குத் திருப்பணி நடந்தது உனக்கு நினைவிருக்கும். சாமியைச் சொம்புத் தண்ணீருக்கு மாற்றி, பக்கத்துக் கொட்டகையில் வைத்து, வேலை முடிகிறவரை அங்கேயே விளக்குப் போட்டார்கள். கோயிலை இடித்தார்கள், தூணை மாற்றினார்கள், கோபுரத்தில் கண்ணைப் பறிக்கிற பச்சையும் ரோஸும் அடித்தார்கள். எது பழசு எது புதுசு என்று ஊரில் ஒருத்தரும் கேட்கவில்லை. ஒருநாள்கூட விளக்கு நிற்காமல் இருந்ததா என்பதுதான் அவர்களுக்குக் கணக்கு. எனக்கு என்ன தோன்றுகிறதென்றால், இது கல்லைப் பற்றிய எண்ணமாகத் தொடங்கியிருக்காது. ஒரு இடம் காலியாக இருப்பதைப் பார்க்க முடியாத யாரோ தொடங்கியிருக்க வேண்டும். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். என் பிழைப்பே அவர்களால்தான் ஓடுகிறது.

அதற்கு அப்புறம் கோட்டை. சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரன் கட்டிய அந்தக் கோட்டையில் இடிந்த சுவரைச் சரிசெய்கிற வேலை மாமாவுக்குக் கிடைத்தது. உன் பெண் பாப்பா அப்போது கைக்குழந்தை. நான் செங்கல்பட்டில் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு ஒரு ஸ்டுடியோவில் சேர்ந்திருந்தேன். லீவு நாளில் உன் வீட்டுக்கு வந்துவிடுவேன். நீ இடுப்பில் பாப்பாவையும் கையில் சாப்பாட்டுக் கேரியரையும் வைத்துக்கொண்டு முன்னால் நடப்பாய். வாசலில் இருந்த பீரங்கியைத் தாண்டி உள்ளே போனால் சுண்ணாம்பும் கடுக்காய்த் தண்ணியும் ஊறுகிற வாசனை வரும். மாமா அன்றைக்கு மீன் குழம்பைக்கூட வாயில் வைக்காமல் கத்திக்கொண்டிருந்தார். வேலையைப் பார்க்க வந்த என்ஜினியர், புதிதாக வைக்கிற செங்கலைப் பழைய சுவரோடு மட்டமாக வைக்கக் கூடாது, அரை விரல் உள்ளே தள்ளி வைக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். எது டச்சுக்காரன் வைத்தது, எது மாமா வைத்தது என்று பார்க்கிறவர்களுக்குத் தெரிய வேண்டுமாம்.

“சொவுரு மட்டமா இல்லன்னா பாக்கறவன் இன்னா நெனப்பான்? மேஸ்திரிக்கு வேலை தெரியலன்னுவான். பேஜாரா கீது” என்றார் மாமா.

ஒட்டுப் போட்டால் ஒட்டுத் தெரியக் கூடாது என்பதுதானே நாமெல்லாம் கற்ற வேலை. தையல்காரனிலிருந்து என் ஸ்டுடியோ ஓனர் அண்ணன்வரை எல்லோருக்கும் அதுதான் பெருமை. நானும் மாமா பக்கம்தான் பேசினேன். நீ சோற்றைப் பிசைந்து பாப்பா வாயில் வைத்துக்கொண்டே அந்தச் சுவரை நிமிர்ந்து பார்த்தாய்.

“சரியாத்தான் சொல்றாரு. வுழுந்தது வுழுந்ததுதானே. புதுசா வந்தது, நான்தான் அதுன்னு சொல்லக் கூடாது.”

மாமா உன்னை முறைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். மறுநாளிலிருந்து உள்ளே தள்ளித்தான் வைத்தார் என்று நீயே சொன்னாய். ஆனால் தெருவுக்குத் தெரிகிற பக்கத்தில் மட்டும் கொஞ்சம் குறைவாகத் தள்ளினார் என்றும் சொல்லிச் சிரித்தாய்.

காமாலை வந்து நீ போனதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை. மஞ்சளாக இருந்தாய், பிறகு இல்லை. எல்லோரும் அழுதார்கள். நான் வந்தவர்களுக்கு டீ வாங்கிவர ஆள் அனுப்பினேன், நாற்காலி போதுமா என்று பார்த்தேன், பாப்பாவுக்கு இட்லி ஊட்டினேன். கால் மரத்துப்போனால் அதைக் கையால் தொட்டுப் பார்ப்போமே, அதுமாதிரி என்னை நானே அவ்வப்போது பார்த்துக்கொண்டேன். உள்ளே எதுவும் இல்லை. கல் மனசுக்காரி என்று யாரோ சொன்னதும் காதில் விழுந்தது. விழுந்ததே தவிர, வலிக்கவில்லை.

காரியத்துக்குப் படம் வேண்டும் என்றார்கள். வாக்காளர் அட்டையில் இருந்த முகம் உன்னுடையது என்று சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது. அது யாருடையதாகவும் இருக்கலாம். மிச்சம் உன் கல்யாண ஆல்பம். அது ஒரு புயல் மழையில் உன் வீட்டு ஓடு ஒழுகி நனைந்து, பக்கங்கள் ஒட்டிப்போய்க் கிடந்தது. நல்லதாக இருந்த ஒரே ஒரு பெரிய படத்தை மெதுவாகப் பிரித்தேன். உன் முகத்தின் இடது பாதி கூடவே வரவில்லை. எதிர்ப் பக்கத்தில் இருந்தது பந்திப் படம். அதில் யாரோ ஒருவரின் சாப்பாட்டு இலைமேல் உன் கண்ணும் பாதி உதடும் இடவலம் மாறி ஒட்டிக்கொண்டிருந்தன. அதைச் சுரண்டி எடுக்கப் பார்த்தேன், பொடியாக உதிர்ந்தது.

ஓனர் அண்ணன் வழி சொன்னார். நல்லா இருக்கிற பாதியைத் திருப்பி மறுபக்கம் வைத்துவிடு, அவசரத்துக்கு எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள் என்றார். செய்தேன். வந்தது யாரோ. உன் வலது புருவம் கொஞ்சம் மேலே ஏறியிருக்கும். இரண்டு பக்கமும் ஏறினால் எதையோ பார்த்துப் பயந்தவள்போல இருந்தாய். அழித்தேன். பிறகு நீலத் திரைக்கு முன்னால் போய் உட்கார்ந்து, நீ படத்தில் திரும்பியிருந்த அளவுக்கு முகத்தைத் திருப்பி, என்னைப் படம் எடுக்கச் சொன்னேன். என் இடது பாதியை வெட்டி உன் வலது பாதியோடு சேர்த்தேன். தோலின் நிறத்தை மாற்றினேன். மூக்குத்தி போட்டேன். வேறு யாருடைய வீட்டுப் படத்துக்கோ டச்சப் செய்வதுபோலத்தான் கை நகர்ந்தது. முடித்ததும் ஓனர் அண்ணன் குனிந்து பார்த்து, எங்கே ஒட்டினாய் என்றே தெரியவில்லை என்றார். எங்கள் தொழிலில் அதற்குமேல் பாராட்டுக் கிடையாது.

அந்தப் படத்துக்குத்தான் மாலை போட்டார்கள். என் கண்ணுக்கும் சேர்த்துத்தான் கற்பூரம் காட்டினார்கள். யாரிடமும் சொல்லவில்லை. வந்தவர்கள் படத்தைப் பார்த்தார்கள், பிறகு டம்ளரோடு எதிரே நின்ற என்னைப் பார்த்தார்கள், மறுபடியும் படத்தைப் பார்த்தார்கள். நாம் இரண்டு பேரும் அப்படி ஒன்றும் ஒத்த சாயல் இல்லை அக்கா. நீ அப்பா சாடை, நான் அம்மா சாடை. ஒரே முகம் என்று முதலில் சொன்னது உன் மாமியார். பந்தி முடிவதற்குள் அது எல்லோருக்கும் பழகிய பேச்சாகிவிட்டது. சாயங்காலம் கொல்லைப்பக்கத்தில் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். என்ன பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரிந்துதான் இருந்தது. இந்தப் பக்கம் இது புதிதா என்ன. அக்கா போன வீட்டுக்குத் தங்கை போவதை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறோம்.

அம்மா என்னிடம் சொன்னபோது குரலில் கெஞ்சல் இருந்தது. பாப்பாவை வேறு எவளிடம் விடுவது என்று கேட்டாள். பிறகு என் கன்னத்தைத் தொட்டாள்.

“ஒன்னப் பாத்தா அவளயே பாத்தா மாதிரி கீதுடி. நீ போனின்னா அந்த வூடு பழையபடி ஆயிடும்.”

எந்த நாள் மாதிரி என்று நான் கேட்கவில்லை. பெற்றவளிடம் அப்படிக் கேட்க முடியுமா. ஆனால் அன்றிலிருந்து கண்ணாடி பார்க்கும்போது இடது பக்கம் தலை சீவுவதற்கே கை போகவில்லை. சரி என்றால் நான் யாராகப் போகிறேன் என்று தெரியவில்லை. முடியாது என்றால் பாப்பா என்ன ஆவாள் என்றும் தெரியவில்லை. இதில் பயமோ துக்கமோ கோபமோ ஏதாவது வந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு முடிவு செய்திருப்பேன். எதுவும் வரவில்லை. வேலைக்குப் போனேன், வந்தேன். ‘யோசிக்கிறேன்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் யோசிக்கவும் இல்லை.

ஒருநாள் மாமா செங்கல்பட்டுக்கு ஸ்டுடியோவைத் தேடி வந்தார். பாஸ்போர்ட் சைஸ் எடுக்க வந்தவர்கள் எல்லோரும் போகிறவரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சட்டைக் கையில் சுண்ணாம்பு. ரொம்பவும் இளைத்திருந்தார். பிறகு எழுந்து வந்து, அந்தப் படம் நான் செய்ததுதானே என்று கேட்டார். ஆமாம் என்றேன். எப்படிச் செய்தேன் என்பதையும் சொன்னேன். அவருக்கு அது புதிதாக இல்லை. வீட்டில் மாட்டிய அன்றே தெரிந்துவிட்டது என்றார்.

“அது அவ இல்ல. நீயும் இல்ல. வேலை அவ்ளோ சுத்தமா கீது, அதான் பாக்கவே பயமா கீது.”

நான் மவுஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பாப்பாவுக்கு ஆள் வேண்டும் என்பதை மறைக்கவில்லை என்றார். எனக்கு இஷ்டம் இல்லையென்றால் அதை அவரே எல்லோரிடமும் சொல்லி முடித்துவிடுவதாகவும், என்மேல் ஒரு பேச்சு வராது என்றும் சொன்னார். போகும்போது வாசலில் நின்று திரும்பினார்.

“ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். நீ வந்தாலும் ஒன்ன அவளா பாக்க என்னால முடியாது. நீ நீயாத்தான் இருக்கணும். அதுக்கு ஒத்துப்பியான்னு யோசிச்சிக்க.”

கேட்கிறவர்களுக்கு இது கடுமையாகப் படலாம். எனக்கு அத்தனை நாளில் அன்றைக்குத்தான் மூச்சு முழுசாக வந்தது. அந்த ஒரு பேச்சுக்காகத்தான் நான் சரி என்றேன் அக்கா. பாப்பாவுக்காக என்று ஊரில் சொல்லிக்கொள்கிறார்கள், நானும் மறுப்பதில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் ஒரு வேலை செய்தேன். உன் படத்திலிருந்து என் பாதியை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் எதையும் வரையவில்லை. வெறும் சாம்பல் நிறத்தை வைத்துப் பிரிண்ட் போட்டு பிரேம் போட்டேன். ஒரு கண், அரை உதடு, ஏறின புருவம். நீ வாழ்ந்த வீட்டில் இப்போது தொங்குவது அதுதான். அம்மா வந்து பார்த்துவிட்டு, பெண்ணை இப்படி மூளியாக மாட்டி வைத்திருக்கிறீர்களே என்று தலையில் அடித்துக்கொண்டாள். அவள் வீட்டில் நான் முதலில் செய்த முழு முகத்தின் ஒரு பிரிண்ட் இருக்கிறது. அதைக் கழற்றச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவளுக்கு அது வேண்டியிருக்கிறது.

திருக்கழுக்குன்றத்தில் கோயிலில் வைத்துத் தாலி கட்டினார்கள். மேளம் வேண்டாம் என்று மாமா சொல்லிவிட்டார். எல்லாம் முடிந்து படியில் உட்கார்ந்திருந்தபோது உன் மாமியார் பாப்பாவைப் பிடித்து என் முன்னால் நிறுத்தினார். இனிமேல் இவள்தான் உன் அம்மா, அம்மா என்று கூப்பிடு என்றார். கூட நின்றவர்கள் எல்லோரும் சிரித்த முகமாகக் காத்திருந்தார்கள். பாப்பா என் புதுப் புடவையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். உதடு பிதுங்கியது. அவள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

“சித்தின்னே கூப்புடு கண்ணு. எப்பவும் போல.”

அவள் உடனே ‘சித்தி’ என்று சொல்லி என் மடியில் ஏறிக்கொண்டாள். உன் மாமியார் முகம் சுருங்கிவிட்டது. பிள்ளையை ஒட்டவிடாதவள், வந்த அன்றே பிரித்துப் பேசுகிறவள் என்று அந்தப் பேச்சு தெருவில் ரொம்ப நாள் ஓடியது. மாமா அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் எனக்கு இடம் விட்டு உட்கார்ந்தார்.

நாங்கள் நன்றாகத்தான் இருக்கிறோம். நன்றாக என்றால், வீட்டில் சண்டை இல்லை, சோறு நேரத்துக்கு வேகிறது, மாமா குடிப்பதில்லை. இந்தக் கடையை அவர்தான் பூசி வெள்ளையடித்துக் கொடுத்தார். எனக்கென்று ஒரு குழந்தை வேண்டாம் என்று நான் நினைக்கவில்லை, உண்டாகவில்லை, அவ்வளவுதான். அதைப் பற்றி டாக்டரிடமும் போனோம், பிறகு போகாமல் விட்டோம். நாள் போகிறது. எதுவும் பெரிதாக வலிப்பதும் இல்லை, பெரிதாக இனிப்பதும் இல்லை. உன் பெண் படிக்கிறாள், சைக்கிள் ஓட்டுகிறாள், உன்னைப்போலவே காரம் இல்லை என்று குறை சொல்லிக்கொண்டே தட்டைக் காலி செய்கிறாள். அம்மா எப்படி இருப்பாள் என்று கேட்பாள். தெரிந்ததைச் சொல்வேன். தெரியாததைத் தெரியாது என்பேன். உன் குரல் எப்படி இருக்கும் என்று ஒருமுறை கேட்டாள். பேசிக் காட்டலாமா என்று நினைத்தேன். செய்யவில்லை.

போன மாதம் மழை பிடித்ததும் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. பள்ளிக்கு அனுப்பாமல் நானும் கடையைத் திறக்காமல் வீட்டிலேயே இருந்தேன். மத்தியானம். மாமா வேலைக்குப் போயிருந்தார். நான் அடுப்பில் கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்தேன். உள்ளே பாயில் படுத்திருந்தவள் கண்ணைத் திறக்காமலே கூப்பிட்டாள்.

“அம்மா. தண்ணி.”

கரண்டியை வைத்துவிட்டு நின்றேன். காய்ச்சலில் யாரும் அப்படித்தான் முனகுவார்கள், தெரியும். அவள் உன்னைத்தான் கூப்பிட்டாளா, என்னைத்தான் கூப்பிட்டாளா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. தண்ணீரைச் சொம்பில் எடுத்துப் போய், தலையைத் தூக்கிப் பிடித்துக் குடிக்க வைத்தேன். நெற்றியைத் துடைத்தேன். அவள் இன்னொரு முறையும் ‘அம்மா’ என்றாள். நான் ‘ம்’ சொல்லவில்லை. அவள் தூங்குகிறவரை கையைப் பிடித்துக்கொண்டு பேசாமலே உட்கார்ந்திருந்தேன். எழுந்ததும் ‘சித்தி, பசிக்குது’ என்றாள். கஞ்சியை ஆற்றிக் கொடுத்தேன்.

அந்த இரண்டு ‘அம்மா’வும் உனக்கு வந்தவை. உன் பொருளை உனக்காக வாங்கி வைத்திருக்கிறேன், வேறு யாரிடமும் சொல்லவில்லை, மாமாவிடம்கூட. ஆனால் நீ போன நாளிலிருந்து எனக்கு இது வேண்டும் என்று எதையும் நான் கேட்டதில்லை, எதன்மேலும் மனசு போனதில்லை. அன்றைக்கு அந்தப் பாய்மேல் உட்கார்ந்துகொண்டு, ஒரே ஒரு ‘ம்’ சொல்லிவிட எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா அக்கா?